மஞ்சளில் தோய்த்த வெள்ளை

நான் ராஜாவாக இருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் என்னை முதன்முதலில் பார்த்தார்.

எங்கள் நாடகக் கம்பெனி காரைக்காலில் கொட்டகை போட்டிருந்த சமயம் அது. எங்கள் கம்பெனியில் ஆண் வேஷத்தையும் பெண்களே கட்டுவோம். முதல் நாள் மீசையும் உடைவாளுமாக ராஜா. மறுநாள் பல் போன கிழவி. அதற்கடுத்த நாள் மீன்காரியாக வந்து, பக்கத்து மீனவக் குப்பமான பட்டினச்சேரியின் பேச்சில் ஒரு தரகனை நாறடித்தேன். தரையில் உட்கார்ந்திருந்த பட்டினச்சேரிப் பெண்கள் எழுந்து நின்று, "அப்படிப் போடுடி!" என்று கத்தினார்கள். அதற்கப்புறம் மாலை, பொன்னாடை எல்லாம் பார்த்துவிட்டேன். அந்தக் கத்தலுக்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் கொட்டகைக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தேன். வெளுத்த சட்டையும் நெட்டை உடம்புமாக ஒருவர் வந்து நின்றார்.

"அந்த ராஜா வேஷம் கட்டுனவரப் பாக்கணுங்க."

"நான்தான்."

"நீங்களா? அப்ப அந்தக் கெழவி?"

"அதுவும் நான்தான்."

"மீன்காரி?"

"ஏங்க, உங்களுக்கு வேற சோலியே இல்லையா?" என்றேன். அவர் நகரவில்லை. எனக்கும் அவர் நகர்ந்துவிடக் கூடாது என்றுதான் இருந்தது. வாய்தான் அப்படிப் பேசியது. என் வாய் எப்போதுமே அப்படித்தான், மனசு ஒரு பக்கம் போனால் அது ஒரு பக்கம் போகும்.

அவர் பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் சொல்தா. எங்கள் பக்கத்தில் பட்டாளத்தானை அப்படித்தான் சொல்வார்கள். லீவில் ஊருக்கு வந்தவர். நெரவியில் வீடு, கொஞ்சம் நஞ்சை, அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மாதான் பிறகு எனக்கு அத்தையானார். கூத்தாடுகிறவளை மருமகளாகக் கொண்டுவருவதா என்று ஒருவேளை சாப்பாட்டைத் தள்ளினார், மறுவேளை சாப்பிட்டார், அதற்கடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. என்னோடு அவர் பேசியது அதற்கப்புறம் நாலைந்து நாள் கழித்து. அதுவும் "உப்பு கூட" என்றுதான்.

கல்யாண மஞ்சள் மங்குவதற்குள் என் வீட்டுக்காரருக்கு உத்தரவு வந்துவிட்டது. சைகோனுக்குப் போக வேண்டும். அங்கே சண்டை. காரைக்காலிலிருந்து போன பிள்ளைகளில் சில பேர் திரும்பவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அவர் புறப்படுகிற அன்று காலையில் அத்தை எங்கள் இரண்டு பேரையும் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அம்மனுக்கு எதிரே தரையில் கற்பூரத்தை ஏற்றிவைத்து, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீ நாடகத்துக்குப் போ, நான் வேணாங்கல. ராஜாவா வேஷம் கட்டு, பிசாசா வேஷம் கட்டு, என்னமோ பண்ணு. ஆனா எம்மவன் திரும்பி வந்து சேர்ற வரைக்கும் வேஷத்துக்குக்கூட நீ வெள்ளைச் சீல கட்டக் கூடாது. தாலியக் கழட்டக் கூடாது. பாழ் நெத்தியா நிக்கக் கூடாது. கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "என்னாம்மா இது, பச்சப்புள்ளயாட்டம்?" என்றார். நான் சிரிக்கவில்லை. உள்ளங்கையால் எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்தேன். சுரீரென்றது. அத்தை என் கையைப் பிடித்து, அந்த இடத்தில் தம் எச்சிலைத் தொட்டுத் தடவினார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மேடையில் அழுதால் வீட்டில் அழ வேண்டி வரும் என்பது வெளி ஆட்கள் பேச்சு இல்லை, எங்கள் தொழிலிலேயே உண்டு. விதவை வேஷம் கட்டுகிறவர்கள் தாலியை ரவிக்கைக்குள் தள்ளி ஊக்கு போட்டுக்கொள்வார்கள். வேஷம் கலைந்ததும் முதல் வேலையாக நெற்றிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு, பிறகுதான் தண்ணீர் குடிப்பார்கள். பிணமாக நடித்தவருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். ஆகையால் அத்தை கேட்ட சத்தியம் எனக்கு அதிசயமாகப் படவில்லை. ஆனால் ஒன்று, அந்தக் காலத்துக் கதைகளில் விதவை இல்லாத கதை எது? புருஷனை இடைவேளைக்குள் கொன்றுவிடுவார்கள். நான் வேண்டாம் என்று தள்ளிய பாத்திரங்களை வாங்கி எத்தனையோ பேர் பெயர் எடுத்தார்கள். எனக்கோ மாமியார், தோழி, பைத்தியக்காரி, குறத்தி, குதிரைக்காரன். குதிரைக்காரன் நன்றாகவே வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் மதராசில் ஒரு டைரக்டர் எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் படத்துக்குக் கூப்பிட்டார். கதையையே தாங்குகிற பாத்திரம். சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதையைக் கேட்டேன். பாதியில் புருஷன் செத்துவிடுகிறான். மீதிப் பாதி முழுக்க அவள் வெள்ளைப் புடவையில்.

"முடியாதுங்க," என்றேன்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் டைரக்டர்.

சத்தியத்தைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அங்கே உடுப்புப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த காஸ்ட்யூமர் மட்டும் மெதுவாக, "ஏம்மா, இங்க யாரு நெசமான வெள்ளையக் கட்டுறா?" என்று கேட்டார்.

அப்போதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படம்தானே. சுத்த வெள்ளைத் துணியைக் காமிரா தாங்காது. விளக்கொளியில் பளீரென்று அடித்து, கட்டியிருப்பவள் முகத்தையே விழுங்கிவிடும். அதனால் வெள்ளைத் துணி என்றால் லேசாகச் சாயத்தில் தோய்த்துத்தான் கொடுப்பார்கள். சிலர் நீலத்தில், சிலர் டீத்தண்ணியில்கூட. படத்தில் அது வெள்ளையாகத்தான் தெரியும்.

"அப்ப எனக்கு மஞ்சள்ல தோய்ச்சுக் கொடுங்க," என்றேன். "சாயம் வேணாம். நெசமான மஞ்சத்தூள்ல."

காஸ்ட்யூமர் தோய்த்துக் கொடுத்தார். விரலி மஞ்சள் வாசனை கமகமவென்று அடிக்கும் புடவை. தாலி ரவிக்கைக்குள்ளே நெஞ்சோடு கிடந்தது. குங்குமத்தை வகிட்டில் அழுத்தி வைத்து, முந்தானையை அதன்மேல் இழுத்து மூடிக்கொண்டேன். ஆக, வெள்ளையும் இல்லை, கழற்றவும் இல்லை, பாழும் இல்லை. இத்தனை மங்கலமாக ஒரு விதவை எந்தப் படத்திலும் அழுதிருக்க மாட்டாள். நானும் அழுதேன், செட்டில் இருந்த விளக்குத் தூக்குகிறவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். படம் முடிந்ததும் அந்தப் புடவையை இன்னொருத்தி கட்ட வேண்டாம் என்று காஸ்ட்யூமரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அத்தையிடம் காட்ட வேண்டும், எப்படி ஏமாற்றினேன் பாருங்கள் என்று பெருமை அடித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் எனக்குப் பெருமை அடிக்கிற மனநிலை இல்லை. சைகோனிலிருந்து கடிதம் வருவது நின்று பல மாதம் ஆகியிருந்தது. பத்திரிகையில் அந்தச் சண்டையைப் பற்றி நல்லதாக ஒரு வரி வரவில்லை. பகலெல்லாம் காமிராவுக்கு முன்னால் புருஷனுக்காக அழுதுவிட்டு, வெளியே வந்து அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். படம் மதராசில் திரைக்கு வந்ததும் நான் ஊருக்குக் கிளம்பினேன்.

பேரளத்தில் வண்டி மாறி காரைக்கால் ரயிலில் ஏறினால், எல்லையில் சுங்கக்காரர்கள் ஏறுவார்கள். காரைக்கால் அப்போது இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில். என் பெட்டியைத் திறந்தால் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஒட்டுத்தாடி, சவுரி, அட்டைக் கத்தி என்று ஒவ்வொன்றாக எடுத்து எல்லோருக்கும் காட்டுவார்கள். அன்றைக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பெட்டியைத் தொடவில்லை.

"வேணாம்மா. நீங்க போங்க. மனசத் தேத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அடேயப்பா, என் நடிப்பு சுங்கக்காரரையே உருக்கிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டேஷனில் ஜட்கா வண்டிக்காரரும் வாடகை பேசவில்லை. என் பெட்டியைத் தாமே தூக்கி வைத்தார். வழியெல்லாம் குதிரையைத் திட்டவில்லை. காரைக்கால் ஜட்காக்காரர் குதிரையைத் திட்டாமல் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அங்கேதான் என் கை தானாகத் தாலியைத் தேடிப் பிடித்தது.

நெரவியில் எங்கள் தெரு முனை திரும்பியதும் சத்தம் கேட்டது. பெண்கள் அழுகிற சத்தம். எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள், வெளியூர் மாட்டுவண்டி ஒன்று. விழிதியூரிலிருந்து அத்தையின் உறவுக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். கூடத்தில் அத்தை தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சேதி வந்துவிட்டது. அவ்வளவுதான். போய்விட்டார். நான் வாசற்படியிலேயே விழுந்தேன். என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அத்தை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் ஓங்கி அழுதார். அவர் அழ நான் அழ, நான் அழ அவர் அழ, உறவுப் பெண்கள் எங்களைச் சுற்றி வட்டம் கட்டிக்கொண்டார்கள்.

ஒப்பாரி என்றால் வெறும் அழுகை இல்லை, வார்த்தை உண்டு. அத்தை ராகம் போட்டு இழுத்துக்கொண்டே சொன்னார்: "மெட்ராசுலேர்ந்து சேதி கொண்டாந்தியேடி... எங்கிட்ட மறைச்சியேடி... ஊருக்கெல்லாம் தெரிஞ்ச சேதி பெத்தவளுக்குத் தெரியலையேடி..."

எதிரே நிற்பவர் பேசுகிற வசனத்தைக் காதில் வாங்காதவள் நடிகையே இல்லை. அத்தனை அழுகையிலும் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. நான் கொண்டுவந்தேனா? நானா?

அழுகையை நிறுத்தினேன். "அத்தை, இருங்க. சேதி யாரு சொன்னா?"

"நீதானேடி!"

"நான் எங்க சொன்னேன்? நான் இப்பதானே வர்றேன். நீங்க அழுவுறதப் பாத்துட்டுல்ல நான் அழுவுறேன்!"

"அப்ப ஏண்டி நீ வெள்ளை கட்டுன?" என்றார் அத்தை.

அப்புறம்தான் துண்டு துண்டாக விஷயம் வந்தது. முந்தின நாள் அந்தப் படத்துக்காக மாட்டுவண்டியில் விளம்பரத் தட்டி வைத்து, தமுக்கடித்து, நோட்டீஸ் போட்டுக்கொண்டு நெரவித் தெருவெல்லாம் வந்திருக்கிறார்கள். தட்டியில் என் படம், வெள்ளைப் புடவையில், வெறும் நெற்றியாக. அத்தைக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் என்னைத் தெரியும். வேறு எந்த மாமியாராக இருந்தாலும் "பாவி, சத்தியத்தை மீறிட்டா" என்று மண்ணை வாரித் தூற்றியிருப்பார். இவர் அப்படி நினைக்கவே இல்லை. என் மருமகள் கற்பூரம் அணைத்தவள், உயிரே போனாலும் மீற மாட்டாள். அவள் வெள்ளை கட்டியிருக்கிறாள் என்றால் என் பிள்ளை உயிரோடு இல்லை. அங்கே அவளுக்குச் சேதி தெரிந்திருக்கிறது, சொல்ல மனசில்லாமல் இருக்கிறாள். இப்படி நினைத்துக்கொண்டு முந்தின நாளிலிருந்து அழுதுகொண்டிருந்திருக்கிறார். அந்த அழுகையைக் கேட்டு ஊரே நம்பியிருக்கிறது.

 பெட்டியைத் திறந்து தாடி, சவுரி எல்லாவற்றையும் கூடத்தில் வாரி இறைத்து, அடியிலிருந்த புடவையை உருவி அத்தை மடியில் போட்டேன்.

"இதான் அத்தை அந்தச் சீல."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். நான் ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். படம் எடுக்கிற முறையை என்னால் முடிந்தவரை சொன்னேன். விழிதியூர்ப் பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"மஞ்சளாடி?" என்றார் அத்தை.

"மஞ்சள்தான் அத்தை."

"அப்ப யாருக்கும் ஒரு சேதியும் வரலையா?"

"வரலை அத்தை. ஒண்ணுமே வரலை."

சேதி வராததற்காக ஒரு வீடே சந்தோஷப்பட்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்று காலை வரை அதே சேதி வராததுதான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. அத்தை என் கன்னம் இரண்டையும் வழித்து நெட்டி முறித்தார். "வயித்துல பால வாத்தியேடி, என் ராசாத்தி!" என்று சொல்லிவிட்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு உறவுக்காரர்கள் பக்கம் திரும்பினார். "என்னாடி இன்னும் உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க! எம்மவன் என்னா செத்தா போயிட்டான்?"

பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? மாடு பூட்டிக்கொண்டு வந்தவர்கள். அதில் ஒருத்தி மட்டும் கெட்டிக்காரி. "காக்கா தலையில தட்டுனா, பொய்யா சாவுச் சேதி சொல்லி நாலு பேர அழ வைக்கிறதில்லையா? அது மாதிரி வச்சுக்க. இருந்த தோஷம் இன்னையோட கழிஞ்சுது. இனிமே அவனுக்கு ஆயுசு கெட்டி," என்றாள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் தலைக்குக் குளித்தோம். அத்தை சோறாக்கி, அழ வந்தவர்களுக்கு வடை பாயசத்தோடு இலை போட்டார்.

மறுநாள் விடிந்ததும் அத்தை என்னைக் கிளப்பினார். காரைக்காலில் ஒரு துணிக்கடை முதலாளி, துலுக்கர், அவருடைய தம்பிக்குச் சைகோனில் கடை. அவரிடம் போனோம். என்னைக் கண்டதும் அவரும் முகத்தைத் தொங்கப்போட்டார். "அழுவாதீங்க தாயி, எல்லாம் அல்லாவோட நாட்டம்..." என்று ஆரம்பித்தவரை, "நிறுத்துங்க பாய்! அது மஞ்சள் சீல!" என்று அத்தை அதட்டினார். அந்த மனிதருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் கடையே அதிரச் சிரித்தார். உடனே தம்பிக்குத் தந்தி கொடுத்தார்.

பதில் வருவதற்குள் நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும். அத்தையும் நானும் ஒரே பாயில் படுத்துக்கொண்டோம். ஒருநாள் மத்தியானம் அந்தத் துணிக்கடை முதலாளியே நெரவிக்கு வந்துவிட்டார். தெருவில் வரும்போதே கையை உயர்த்தி, "அல்ஹம்துலில்லாஹ்! உசுரோட இருக்காரு தாயி!" என்று கத்திக்கொண்டு வந்தார். காலில் குண்டடி, ஆஸ்பத்திரியில் படுக்கை, நடக்க நாளாகும், ஆனால் உயிருக்கு ஒன்றுமில்லை. அத்தை முதலாளிக்கு மோர் கொண்டுவருவதாகப் போய், அடுப்படியில் சொம்பும் கையுமாக உட்கார்ந்து அழுதார். அது நல்ல அழுகை. நான் தொந்தரவு செய்யவில்லை. மோரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கப்புறம்தான் அத்தையைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். காரைக்கால் கொட்டகையில் முதல் ஆட்டம். நான் வெள்ளையில் வந்து நின்றதும் சுற்றிலும் பெண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். அத்தை மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, "அது மஞ்சள், தெரியுமில்ல?" அந்தப் பக்கம் திரும்பி, "நெசமான மஞ்சத்தூளு, நான் மோந்து பாத்தேன்." நான் அழுது உருகி நடித்த அத்தனை காட்சியையும் பாழாக்கினார். பின்னாலிருந்து ஒருத்தி, "ஏ கெழவி, சும்மா இரேன்!" என்றாள். அத்தை அவளுக்கும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது ஊரில் எல்லாம் மாறியிருந்தது. அவர் போகும்போது பறந்தது ஒரு மூவர்ணக் கொடி, வரும்போது பறந்தது வேறு மூவர்ணக் கொடி. ரயிலில் சுங்கக்காரர்கள் இல்லை. கைத்தடி ஊன்றிக்கொண்டு, பாதி உடம்பாக இறங்கினார். என்னை ஸ்டேஷனில் பார்த்ததும் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வருகிறவரை பேசவில்லை. நானும் என் வாயாடி வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அத்தை இலை போட்டுச் சோறு வைத்தார். அவர் சோற்றில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"வர்ற வழியில சிங்கப்பூர்ல கப்பல் நின்னுச்சு," என்றார். "தமிழ்ப் படம் ஓடுதுன்னாங்க. தட்டியப் பாத்தா நீ. ஆசையா உள்ள போயி உக்காந்தேன். பாதியில நீ வெள்ளையில வந்து நிக்கிற. எனக்கு ஒடம்பெல்லாம் பதறிப்போச்சு. அந்தத் தந்திக்கு அப்புறமா நான் செத்துட்டேன்னு எவனோ உனக்குப் பொய்ச் சேதி சொல்லிட்டான்னு நெனச்சுட்டேன். இல்லாட்டி நீ கட்ட மாட்டியே. அதுக்கு மேல உக்கார முடியல, எந்திரிச்சு வந்துட்டேன். அன்னையிலேர்ந்து எனக்குச் சோறே எறங்கல. நான் வந்து நின்னா என்னைப் பாத்து நீ என்னா ஆவியோன்னு..."

 தாயும் பிள்ளையும் ஒரே அச்சு. இரண்டு பேருமே, நான் சத்தியத்தை மீறுவேன் என்று நினைப்பதற்கு முன்னால் சாவையே நம்பியிருக்கிறார்கள்.  வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு வசனம் வரவில்லை.

வந்தது அத்தைக்குத்தான். குழம்புக் கரண்டியை இலைமேல் ஓங்கிக்கொண்டு, "போடா கூறுகெட்டவனே! அது மஞ்சள்டா!" என்றார். "நீ என்னாத்தக் கண்ட? இந்தா, அதத்தான் கட்டிக்கிட்டு உன் எதிர நிக்கிறா. கண்ணு தெரியல?"

ஆமாம், அன்றைக்கு நான் அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தேன். துவைத்துத் துவைத்துக் கட்டியும் நிறம் போகவில்லை. அத்தை ரசம் எடுத்துவரவென்று அடுப்படிக்குப் போனார், ரசம் இங்கேயேதான் இருந்தது. என் வீட்டுக்காரர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.